பின்னால் நிற்பவன்

என் பெண்டாட்டிக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் கொலைகாரி. மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். கொலைகாரி அக்கா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் கம்ப்யூட்டரையே போடுவார்கள். போய் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு தெருவையே வெட்டிச் சாய்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, என் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் இரண்டு பேரில் யாரால் ஊருக்கு ஆபத்து அதிகம் என்று என் மாமியாரைக் கேட்டால், யோசிக்காமல் மாப்பிள்ளை என்பார்.

அவளுக்கு இப்போது இடது காது கேட்காது. அது எப்படிப் போனது என்பதையும், அந்தக் காதோடு சேர்ந்து அவள் வேலையும் போகப் பார்த்ததையும்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வந்துவிட்டுப் போகட்டும். கோபப்படாமல் சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.

அவள் வேலை பார்ப்பது வீடியோ கேம் செய்கிற கம்பெனியில். கீழே டயர் கடை, மூன்றாவது மாடியில் இவர்கள். லிஃப்ட் பேருக்கு இருக்கிறது. இவளை அங்கே எடுத்தது கம்ப்யூட்டர் வேலைக்கு இல்லை. கம்ப்யூட்டரில் இவளுக்குப் போடத் தெரியும், அணைக்கத் தெரியும். எடுத்தது அடிப்பதற்கு. சின்ன வயதில் பாக்ஸிங் பழகியவள். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் காவலுக்கு நின்றாள். உள்ளே ஒரு உயிர் போனால் வெளியே ஒரு கும்பல் டாக்டரைத் தேடும். அந்தக் கும்பலுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்பதுதான் வேலை. அவளுடைய வலது புருவத்தில் உள்ள தையல் அங்கே வாங்கியது. கூடப் பாக்ஸிங் பழகிய ஒருத்தி வந்து, அடிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், அடித்தால் சம்பளம், திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று சொன்னாள். இவள் மறுநாளே போய்விட்டாள்.

அந்த கேமின் கதாநாயகன் ஒரு கோடாரிக்காரன். எரிந்துபோன ஒரு துறைமுக நகரம். அவன் குடும்பத்தை எரித்தவர்கள் அந்த நகரத்துக்குள் எங்கேயோ இருக்கிறார்கள். தேடிப் பிடித்து வெட்ட வேண்டும். கதை அவ்வளவுதான். எந்தத் தெரு வழியாகப் போவது, யாரை முதலில் வெட்டுவது என்பதெல்லாம் ஆடுகிறவன் இஷ்டம். இவள் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பைப் போட்டு, மூட்டுக்கு மூட்டு கோலிக்குண்டு மாதிரி வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு, மெத்தை விரித்த ஹாலில் ரப்பர்க் கோடாரியை வீசுவாள். கூரையில் வரிசையாக மாட்டிய கேமராக்கள் அந்த உருண்டைகளைப் பார்த்து, அவள் அசைவை எடுத்துக் கோடாரிக்காரனுக்குப் போட்டுவிடும்.

முதன்முதலாக அதைத் திரையில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறடி உயரம், கையளவு மீசை, முதுகில் கோடாரி. ஆனால் நடை என் பெண்டாட்டி நடை. வலது பாதத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பாள், அடிப்பதற்கு முன்னால் தோளை ஒரு விரற்கடை இறக்குவாள். அப்படியே இருந்தது. இனிமேல் உன்னோடு சண்டை போடுவதாக இல்லை என்று சொன்னேன். இதுவரைக்கும் போட்டு ஜெயித்த மாதிரி பேசுகிறீர்களே என்றாள்.

உடுப்புப் போடாத நாளில் அதே கேமை ஆடிப் பார்ப்பது அவள் வேலை. சண்டை எங்கே சரியாக இருக்கிறது, எங்கே பொய்யாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் மாமியார் மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் போய், கதவருகே நின்று பார்த்துவிட்டார். கோடாரி ஒருவன் கழுத்து எலும்பில் இறங்கி, வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. கோடாரிக்காரன் அவன் நெஞ்சில் காலை வைத்து மிதித்துப் பிடுங்கினான். ரத்தம் கண்ணாடியில் தெறித்த மாதிரி திரை முழுக்க வழிந்தது. இவள் பல்லில் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு, பிடுங்குவது ரொம்ப லேசாக வருகிறது, எலும்பு இப்படி விடாது என்று யாரிடமோ புகார் செய்துகொண்டிருந்தாள். மாமியார் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். இவளைப் பெற்றது நான்தானா என்று என்னிடம் வந்து கேட்டார்.

சாப்பிட உட்கார்ந்தால் அந்த நகரத்தின் நல்லதும் கெட்டதும்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. நல்லது நிறைய இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கோடாரிக்குக் கனம் இருந்தது. வீசிவிட்டால் உடம்பு அதன் பின்னால் இழுபடும். மழை பெய்தால் கூரையில் கால் வழுக்கும். எந்தச் சுவரிலும் ஏறலாம், எந்த ஜன்னலையும் தள்ளிப் பார்க்கலாம். உள்ளே யாராவது ஒரு குடும்பம் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பயந்து போய் இவனைப் பார்க்கும். அந்த ஜன்னல்களைச் செய்தவனுக்குக் கையில் மோதிரம் போடலாம் என்பாள்.

கெட்டதற்கும் பஞ்சமில்லை. குதிரை சுவருக்குள் பாதி புகுந்துகொண்டு வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருக்கும். வெட்டுப்பட்டுச் செத்தவன் கை, செத்த பிறகும் துடித்துத் துடித்துத் தரையில் தாளம் போடும். நகரத்தில் ஒரு கோபுரத்தைப் பிடித்தால் இன்னொரு கோபுரத்தைப் பிடி என்பார்கள், அதைப் பிடித்தால் இன்னொன்று. எல்லாக் கோபுரத்திலும் அதே ஏணி, அதே தடியன், அதே சாவு. செய்ததையே எத்தனை தடவை செய்வது என்று அலுத்துக்கொள்வாள். நான் ஒரே ரூட்டில் இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். என்னிடம் போய் அதைக் குறையாகச் சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்?

ஆனால் அவள் உண்மையில் சண்டைக்கு நின்றது ஒரே விஷயத்துக்குத்தான். கும்பல். நாலைந்து பேர் கோடாரிக்காரனைச் சூழ்ந்துகொண்டால் ஒருத்தன் வந்து அடிப்பான், மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள், அவ்வளவுதான். இவளுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். சண்டைப் பகுதிக்கு மேலாள் ஒரு பையன், தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனிடம் போய், ஆஸ்பத்திரி வாசலில் எந்தக் கும்பலும் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி அடித்ததில்லை என்று கத்தியிருக்கிறாள். அவன் நல்ல பையன். சரி அக்கா, நீங்கள் சொல்கிறபடியே செய்து பார்ப்போம் என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் பாயவிட்டான். ஆடிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதல் சந்திலேயே செத்தார்கள். எழுந்தார்கள், மறுபடி செத்தார்கள். ஒருத்தன் கையில் இருந்த கன்ட்ரோலரை மெத்தையில் வீசிவிட்டு வீட்டுக்கே போய்விட்டான். இவளே ஆடிப் பார்த்தாள். இவளும் செத்தாள். தாடி சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. எதையும் அரைகுறையாக விடுகிற சாதி இல்லை அவள். இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தக் காத்திருப்பைச் செதுக்கினார்கள். கம்ப்யூட்டரிடம் ஒரு சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அடிக்கலாம். மற்றவன் துப்பலாம், திட்டலாம், கத்தியை உரசிக் காட்டலாம், அடிக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சீட்டுக் கிடைத்தால், அடிப்பதற்கு முன்னால் அவன் ஒரு கத்துக் கத்த வேண்டும். கத்தின பிறகு கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கோடாரிக்காரன் அதற்குள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டால், அவன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சுற்றப் போய்விட வேண்டும்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று முடிவு செய்தது இவள்தான். உடுப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றாள். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன். பின்னால் இருப்பவன் கத்துவான். இவள் முன்னால் இருப்பவனுக்கு விழ வேண்டிய அடியை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் திரும்புவாள். அதற்கு எத்தனை நேரம் ஆகிறதோ அதுதான் கணக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதையே செய்வாள். சத்தம், முன்னால் அடி, திரும்பு. சத்தம், முன்னால் அடி, திரும்பு. கேமில் இதைவிட நன்றாக வந்த விஷயம் வேறு இல்லை என்று தாடி சொல்லுவான். முதுகே காட்டாமல் ஆடுகிறவன் பயந்தாங்கொள்ளி, சத்தத்தை நம்பி முதுகைக் காட்டி ஆடுகிறவனுக்குத்தான் அந்தச் சண்டையின் ருசி தெரியும் என்று இவளும் சொல்லுவாள். இரண்டு வருஷம் அந்த ருசியை அவள் உடம்பு பழகியது.

இப்போது ரோட்டுக்கு வருகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் நிறுத்தத்தில் ஏறி, எப்போதும் போல எனக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பஸ் நிறையக் கூட்டம். பெரிய திருப்பத்தில் ஒரு வெள்ளைக் கார் இடது பக்கமாக மூக்கை நுழைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். அப்படியும் அவன் பக்கக் கண்ணாடி என் பஸ்ஸில் உரசி உடைந்து தொங்கியது. ஒரு கண்ணாடி. உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்காகக் காரைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டு மூன்று பேர் இறங்கினார்கள். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆகிவிடுகிற ரோடு அது.

முதலில் வந்தவன் ஒரு தடியன். என் பக்கக் கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து, மூட்டையை இறக்குகிற மாதிரி என்னைக் கீழே இழுத்தான். தார் ரோட்டில் முகம் பட விழுந்தேன். எழுந்திருப்பதற்குள் இடுப்பில் ஒரு உதை, அடுத்தது விலாவில். உள்ளே ஏதோ சுள்ளி முறிந்த மாதிரி கேட்டது. மஞ்சள் சட்டை போட்ட இன்னொருத்தன் என் முடியைப் பிடித்துத் தலையை முன் சக்கரத்தில் மோதினான். ஒரு தடவை இல்லை. டயரில் மோதினதால் பிழைத்தேன், கொஞ்சம் தள்ளி மோதியிருந்தால் சக்கரத்தின் இரும்பு நட்டில் மண்டை போயிருக்கும். வாயில் ரத்தம் உப்பாக நிறைந்தது. பல் ஒன்று நாக்கில் கிடந்தது. அதைத் துப்பக்கூட முடியவில்லை, தடியன் என் தொண்டையில் முழங்காலை ஊன்றிவிட்டான்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அன்றைக்கு எனக்கு அண்ணனும் உதவவில்லை, தம்பியும் உதவவில்லை. பஸ்ஸில் நின்றவர்கள் ஜன்னல் வழியாகப் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கியது இவள் ஒருத்திதான்.

மஞ்சள் சட்டைக்காரன் இவள் வருவதைப் பார்த்துச் சிரித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. இவள் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கிற இடத்தில் ஒரே குத்து. அவன் வாய் திறந்தது, மூச்சு வரவில்லை, முட்டி போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் மூக்கில் முழங்கையால் இறக்கினாள். மூக்கு ஒரு பக்கமாகப் போனது. தடியன் என் தொண்டையை விட்டுவிட்டு எழுந்து அவளிடம் போனான். எனக்கு மூச்சு வந்தது. தடியன் கையை வீசினான், இவள் குனிந்தாள். இன்னொரு தடவை வீசினான், இவள் தலைக்கு மேலே போனது. அவன் தாடையில் ஒன்று வைத்தாள். அவன் பின்னால் போனான்.

அப்போதுதான் மூன்றாமவனைப் பார்த்தேன். காரின் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்திருந்தான். சின்ன வயசு. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. கத்தவில்லை, திட்டவில்லை. ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு இவளுக்குப் பின்னால் ஓடி வந்தான்.

நான் கத்தினேன். “பின்னாடி பாரு. பின்னாடி.”

அவள் திரும்பவில்லை. தடியன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விழ வேண்டிய அடியை முழுசாகப் போட்டாள். அழகான அடி. தடியன் கண் மேலே செருகி மரம் மாதிரி சாய்ந்தான். அப்புறம் திரும்பினாள். பாதி திரும்பியிருப்பாள்.

இரும்பு இடது காதில் இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கல்லில் தேங்காய் விழுந்த மாதிரி என்று சொல்லலாம், ஆனால் தேங்காய் என் பெண்டாட்டி தலை இல்லை. அவள் கீழே விழுவதற்குள் தோளில் இரண்டாவது அடி. விழுந்த பிறகு முதுகில் மூன்றாவது. நான் முட்டி போட்டு நகர்ந்து போய் அவள் மேல் விழுந்தேன். நாலாவது அடி எனக்கு விழுந்தது. அதற்குப் பிறகுதான் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். அவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினான். அப்புறம் போலீசிடம் மாட்டினான். வழக்கு இன்னும் நடக்கிறது. மூன்று பேரும் ஜாமீனில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் பேசினால் நான் கெட்ட வார்த்தைதான் பேசுவேன்.

காது எலும்பு நொறுங்கிவிட்டது, கேட்காது, இனி வராது என்று டாக்டர் சொன்னார். தலைக்கட்டோடு படுத்திருந்தவளுக்குப் பக்கத்தில் நானும் விலாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போலீசிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். கட்டை மாற்றிவிட்டு நர்ஸ் போன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“நீங்க கத்துனது கேட்டுச்சுங்க” என்றாள்.

நான் விலாவைப் பிடித்துக்கொண்டு கிட்டே நகர்ந்தேன்.

“நல்லாவே கேட்டுச்சு. சத்தம் வந்துருச்சு, இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சேன். முன்னாடி இருக்கறவன முடிச்சிட்டுத் திரும்பலாம்னு கை தானாப் போயிருச்சு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அந்த நேரத்தை அளந்தது அவள். அவள் அளந்து, அவளே பழகி, அவளே நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை கும்பலைப் பார்த்தவள், எந்தக் கும்பலும் நிற்காது என்று தாடியிடம் கத்தியவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா சொன்ன பேச்சு இல்லை. நான் அன்றைக்கு அந்த கேமைக் கண்டபடி திட்டினேன். அந்த மூன்றாவது மாடியைக் கொளுத்த வேண்டும் என்றேன். கீழே டயர் கடை, நன்றாகப் பற்றும் என்றாள்.

தாடி பார்க்க வந்தான். அவளிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். பாவம், அவனும் பிள்ளைதானே. எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் அக்கா, சீட்டு வேண்டாம், சத்தம் வேண்டாம், நிஜத்தில் எப்படியோ அப்படியே பாயட்டும், ஆடுகிறவன் செத்தால் சாகட்டும் என்றான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சாகட்டும், ஊருக்குத் தெரியட்டும் என்றேன்.

“வேண்டாம்ப்பா” என்றாள். “நிஜத்துல எப்படின்னு எனக்குத் தெரியும். நாள் பூரா எங்கெங்கயோ அடி வாங்கிட்டு வந்து ஒருத்தன் பட்டனத் தட்டுறான். அவனுக்கு அது எதுக்கு? வெளியதான் யாரும் நிக்கல. கேம்லயாவது நிக்கட்டும்.”

காயம் ஆறி வேலைக்குப் போனாள். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. பின்னால் இருப்பவன் கத்துகிற சத்தம் ஹெட்போனில் எந்தக் காதில் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இவளுக்கு எல்லாமே வலது பக்கம்தான் கேட்டது. இடமிருந்து வருகிறவனுக்கு வலப்பக்கம் திரும்புவாள், வெட்டு வாங்குவாள். அவள் நடத்திப் பழகிய சந்திலேயே, அவள் கற்றுக்கொடுத்த ஆட்கள் கையிலேயே, முதல் சுற்றிலேயே சாக ஆரம்பித்தாள். சண்டை பார்க்க ஆகாது என்று ஆனபோது கம்பெனி அவளுக்கு வேறு வேலை சொன்னது. சுவர் முட்டுவது. கோடாரிக்காரனைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் உள்ள ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டி, எங்கேயாவது ஓட்டை இருந்து உள்ளே விழுகிறானா என்று பார்க்க வேண்டும். கொலைகாரி சுவர்முட்டி ஆனாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

வீட்டுக்கு வந்து அவள் பேசவே மாட்டாள். முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் ஸ்பூனை வைத்து வெட்டு எப்படி விழுந்தது என்று காட்டுவாள். இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அந்த வேலை போனால் அவள் அரை ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொளுத்த வேண்டும் என்று சொன்ன அதே மூன்றாவது மாடி அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதா என்று நான் ஏங்க ஆரம்பித்தேன். என் ரோஷத்தின் ஆயுசு அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அடிபட்ட பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இடது பக்கமாக யாராவது போனால் அவள் இடது தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், கழுத்து உள்ளே போகும். கேட்காத பக்கம் அல்லவா, உடம்பு தானாகவே காவல் இருக்கிறது. தண்ணீர் எடுக்க நான் அந்தப் பக்கமாகப் போனால்கூடத் தூக்கும். நான் அவளுக்கு வலது பக்கமாகவே வீட்டில் நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் சுவர் முட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து தாடியிடம் போயிருக்கிறாள். காது கேட்காதவன் இந்த கேமை எப்படி ஆடுவான் என்று கேட்டிருக்கிறாள். திரையில் அம்புக்குறி போடலாம் என்று ஒருத்தன் சொன்னான், அசிங்கமாக இருக்கும் என்று இன்னொருத்தன் சொன்னான். தரையில் நிழல் விழவைக்கலாம் என்றார்கள், மழையில் நிழல் ஏது என்றார்கள். இவள் பேசாமல் போய்க் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, உருண்டைகளை ஒட்டிக்கொண்டு மெத்தையில் நின்றாள். யாராவது இடது பக்கமாகப் பின்னாலிருந்து வாருங்கள் என்றாள். தாடியே வந்தான். அவள் தோள் தூக்கியது. அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தாடி எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அக்கா, இது உங்கள் வலி, இதை எப்படி கேமில் போடுவது என்று கேட்டிருக்கிறான். நடை என்னுடையது, அடி என்னுடையது, இது மட்டும் யாருடையது, பேசாமல் கேமராவைப் போடு என்று அதட்டியிருக்கிறாள். இடது பக்கம் எடுத்தார்கள். அதையே கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பி வலது பக்கத்துக்கும் போட்டார்கள். இப்போது பின்னாலிருந்து எவன் கத்தினாலும் அவன் வருகிற பக்கம் கோடாரிக்காரனின் தோள் தூக்கிக்கொள்ளும். சத்தம் கேட்காதவனும் தோளைப் பார்த்துத் திரும்பலாம். இவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினாள். பழைய சந்து, பழைய ஆட்கள். ஒருத்தனையும் விடவில்லை. அன்றைக்கு என் பஸ்ஸில் ஏறும்போதே முகம் சொன்னது. சாப்பிடும்போது ஸ்பூனை எடுத்தாள். என் அரிசிச் சோற்றில் நாலு பேர் செத்தார்கள்.

கேம் வெளியே வந்தது. நாலைந்து பேர் அதைப் பற்றி வீடியோவில் பேசினார்கள். ஒருத்தனை மட்டும் நான் மறக்க மாட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் கலர் விளக்கை எரியவிட்டுக்கொண்டு பேசினான். நகரம் அற்புதம், மழை அற்புதம், கோடாரியின் கனம் இதுவரை எந்த கேமிலும் இல்லாதது, ஜன்னலுக்குள் தெரியும் குடும்பங்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது என்றான். வாஸ்தவம். பிறகு குறைக்கு வந்தான். கோபுரங்கள் அலுப்பு, குதிரை மக்கு. அதுவும் வாஸ்தவம். கடைசியில், இதில் எதிரிகள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கிறார்கள், நிஜத்தில் எவன் நிற்பான், இதைச் செய்தவர்கள் வாழ்க்கையில் ஒரு சண்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தான். கதாநாயகனுக்கு அடிக்கடி தோள் துடிக்கிறது, அவனுக்கு நரம்பில் கோளாறா என்றும் கேட்டான்.

நான் செருப்பைத் தேடினேன். அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரிக்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கிறாள்.

“சரியாத்தானே சொல்றான். நிஜத்துல எவன் நிப்பான்?” என்றாள். அப்புறம் கன்ட்ரோலரை எடுத்து என் மடியில் போட்டாள். “அவனத் திட்டுறது இருக்கட்டும். நீங்க ஒரு தடவையாவது ஆடிப் பாருங்க.”

அதுவரைக்கும் நான் அதைத் தொட்டதே இல்லை. பஸ் ஓட்டுகிற கைக்கு அது விளையாட்டுச் சாமானாகப் பட்டது. குதிரையில் ஏறி நேராகச் சுவருக்குள் போனேன். இறங்கி நடக்கச் சொன்னாள். நடந்தேன். எரிந்த தெருவில் கோடாரிக்காரன் வலது பாதத்தை வெளியே தள்ளித் தள்ளி நடந்தான். மீசை வைத்த என் பெண்டாட்டியை என் கட்டைவிரலால் நடத்திக்கொண்டு போனேன். ஒரு சந்துக்குள் மூன்று பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

ஒருத்தன் முன்னால் வந்தான். எந்தப் பட்டனோ தட்டினேன். கோடாரி அவன் தோளில் இறங்கியது. ரத்தம் தெறித்தது. அவன் இன்னும் விழவில்லை. இன்னொரு அடி போட்டால் முடிந்துவிடுவான். அப்போது கோடாரிக்காரனின் இடது தோள் தூக்கிக்கொண்டது, கழுத்து உள்ளே போனது.

அந்தத் தோளை எனக்குத் தெரியும். சத்தம் கேட்டதா இல்லையா என்று நான் கவனிக்கவே இல்லை. முன்னால் இருந்தவனை அப்படியே விட்டேன். இரண்டு கையாலும் கன்ட்ரோலரையே திருப்பினேன், அப்படித் திருப்பினால் ஒன்றும் ஆகாது என்றுகூட எனக்குத் தெரியாது. விரல் எப்படியோ சரியான இடத்தில் பட்டது. அவள் திரும்பினாள். முழுசாகத் திரும்பினாள்.

பின்னால் ஒருத்தன் இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததும் கம்பியை இறக்கினான். ஒரு அடி பின்னால் வைத்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான்.

கண்ணில் தண்ணீர் வந்து திரை தெரியவில்லை. அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், கேட்கிற காதை என் பக்கம் வைத்து.

“என்னங்க, அடிங்க. நிக்கிறான்ல” என்றாள்.

என்னால் பட்டனைத் தட்ட முடியவில்லை. அவன் கம்பியோடு எங்களைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.